பெயர் வளையம்

தோக்கியோவில் கின்ஸா வட்டாரத்துப் பழைய காமிராக் கடை ஒன்றில், அந்நகரிலேயே உத்தியோகம் பார்க்கும் தமிழ்த் தம்பி ஒருவரைத் துபாஷியாக வைத்துக்கொண்டு, மழை விடாத ஒரு பிற்பகல் முழுவதையும் கழித்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன் என்று பிறரிடம் சொல்லிக்கொண்டாலும், என் சட்டைப்பையில் ஒரு லென்ஸ் இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில், விற்கிறவனுக்கு இதன் மதிப்புத் தெரியவில்லை என்ற அந்தரங்கக் களிப்போடு நான் வாங்கியது. அதன் முன் வளையத்தில் ‘லைட்ஸ் எல்மார்’ என்று வெட்டியிருந்தது.

ஜெர்மனியின் லைட்ஸ் கம்பெனிக்காக ஆஸ்கர் பார்னாக் வகுத்த லைக்கா காமிரா 1925-இல் லைப்ஸிக் சந்தையில் வெளிவந்தபோது, அதற்கென்று மாக்ஸ் பெரெக் கணித்த லென்ஸின் வம்சமே எல்மார். 1932-இல் தூரமானி காமிராவோடு இணைக்கப்பட்டு, இரட்டைப் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும் கணத்தில் குவியமும் தானே அமைந்துவிடும் என்ற சௌகரியம் ஏற்பட்டபின், 39 மில்லிமீட்டர் குறுக்களவும் அங்குலத்துக்கு 26 சுற்றும் கொண்ட, லென்ஸைக் காமிராவில் திருகிப் பொருத்தும் அந்த ஜெர்மன் மரையை ரஷ்யரும் ஜப்பானியரும் தங்களுடையதாக்கிக்கொண்டனர். ஆகையால் இவற்றுள் எந்த நாட்டு லென்ஸும் எந்த நாட்டுக் காமிராவிலும் பெரும்பாலும் ஏறும். வியாபாரம் செழித்ததற்கும் போலி பெருகியதற்கும் மூலகாரணம் இது ஒன்றே.

கடைப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஒரு லென்ஸ் கைக்கு வந்ததும் அதன் பெயரை அவர் படிப்பதில்லை என்பதை முதலில் கவனித்தேன். மூடிகளைக் கழற்றி, துவாரத்தை முழுவதும் திறந்து, விரல் நீளமுள்ள மின்விளக்கைப் பின்புறம் பிடித்து, முன்புறமிருந்து சாய்வாக நோக்குகிறார். நேராகப் பார்த்தால் ஸ்படிகம் போலத் தெளிந்திருந்த கண்ணாடி, ஒளி சாய்ந்தவுடன் தன் சரித்திரம் முழுவதையும் சொல்லிவிடுகிறது. ‘குமோரி’ என்றார், உள்ளே படியும் மூட்டம் அது, பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். ‘கபி’ என்றார், பூஞ்சணம். நம் பழைய கவிகள் குரங்குக்கு வழங்கிய பெயரை ஜப்பானியர் பூஞ்சணத்துக்கு வைத்திருப்பது தற்செயல்தான் என்றாலும், சிலந்தி நூல் போல ஓடிக் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும் அதன் பிடி குரங்குப்பிடி என்பதில் ஐயமில்லை. மூன்றாவது, இரு கண்ணாடிகளை ஒட்டிய பால்ஸம் பிசின் விட்டுப்போவது. ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் விலை பாதியாகக் குறையும் என்று கையால் வெட்டிக் காட்டினார். 1933-இல் வந்த ஸும்மார் என்ற லைட்ஸ் லென்ஸ் ஒன்றையும் காட்டினார். அதன் முன்கண்ணாடி மிக மிருது. அன்போடு துடைத்துத் துடைத்தே உடையவர்கள் அதைக் கீறி வைத்திருந்தார்கள்.

அடுத்து நிக்கோர் என்ற ஜப்பானிய லென்ஸ் ஒன்று. அதில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. போரில் தோற்ற தேசம் 1952 வரையில் நீடித்த ஆக்கிரமிப்பின்போது சுமக்க நேர்ந்த அந்த அவமானச் சொற்களே இன்று அந்த லென்ஸுக்குக் கூடுதல் கிரயம் பெற்றுத் தருகின்றன என்று பெரியவர் சொன்னபோது, அவர் முகத்தில் வருத்தமோ சிரிப்போ எதுவும் தென்படவில்லை.

அதன் பிறகே என் எல்மாரை மேஜைமேல் வைத்தேன். விளக்கைப் பிடித்தார், பார்த்தார்; பத்து விநாடிகூட ஆகியிராது. பிறகு ஓர் உண்மையான எல்மாரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் பார்க்கும்படி எனக்குச் சைகை செய்தார். உண்மையான எல்மாரில், துவாரத்தைச் சுருக்கும் தகடுகள் முதற் கண்ணாடியை அடுத்தே, தொட்டுவிடலாம் போல நின்றன. என்னுடையதில் அவை இரண்டாம் கண்ணாடிக்கும் பின்னால், கிணற்றுக்குள் தெரிவன போல ஆழத்தில் கிடந்தன.

“அண்ணா, இது ரஷ்ய லென்ஸ் என்கிறார். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் செய்த இன்டஸ்டார்-22. பெயரை அழித்துவிட்டுப் புதிதாக வெட்டியிருக்கிறார்களாம்” என்றார் தம்பி, குரலைத் தாழ்த்தி.

கண்ணாடியின் ஊதாப் பூச்சைக் காட்டி நான் வாதாடிப் பார்த்தேன். போருக்கு முந்திய லென்ஸுகளுக்குப் பொதுவாகப் பூச்சுக் கிடையாது. ஆனால் பிற்காலத்தில் பழையவற்றுக்கும் பூசிக் கொடுத்ததுண்டு, ஆகவே பூச்சைக் கொண்டு எதையும் ஸ்தாபிக்க இயலாது என்று நியாயமாகவே பதில் வந்தது. ஆனால் வளையத்திலிருந்த எண் போருக்கு முந்தியதாக இருக்க, துவார அளவுகளோ 4, 5.6, 8 என்று பிற்கால வரிசையில் ஓடின. அக்காலத்து ஜெர்மன் வரிசை 4.5, 6.3, 9 என்று போகும். பொய் ஜாதகம் எழுதியவன் பிறந்த தேதியை மாற்றினான். நட்சத்திரத்தை மாற்ற மறந்துவிட்டான்.

இதில் நல்ல படம் விழுகிறதே என்றேன். விழும், அது நல்ல லென்ஸ் என்று பெரியவர் உடனே ஒப்புக்கொண்டார். என் கர்வத்துக்கு அது ஒன்றே ஆறுதல். படத்துக்கு ஒரு விலையும் வம்சத்துக்கு வேறொரு விலையும் வைக்கும் இந்த வியாபாரத்தில் எனக்கு இன்றும் பூரண சம்மதம் இல்லை. ஆனால் அவர் என் லென்ஸுக்கு விலையே சொல்லவில்லை. மெல்லிய துணியால் ஒரு முறை துடைத்து, மூடியிட்டு, இரு கைகளாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

பழைய லென்ஸ் வாங்கப் புறப்படும் வாசகர்கள் ஒரு சிறு மின்விளக்கைக் கையோடு கொண்டுபோங்கள். பெயர் வளையத்தைக் கடைசியில் படியுங்கள்.