கன்னிமாடத்து மரத்தொட்டி

போன வருடம் என் தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக அமெரிக்கா போயிருந்தேன். அவளுக்கு எட்டாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அக்கா, வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்காதே. பசுமாடு பார்த்துட்டு வரலாம் வா" என்றாள். மாடு பார்க்கவா இத்தனை தூரம் வந்தேன் என்று சிரித்துக்கொண்டே கிளம்பினேன்.

கனெக்டிகட் மாநிலத்தில் பெத்லகேம் என்றொரு சிற்றூர். அங்கே சுமார் 400 ஏக்கரில் ரெஜினா லாடிஸ் என்ற கத்தோலிக்கக் கன்னிமாடம். கறுப்பு மாட்டின் வயிற்றைச் சுற்றி வெள்ளைத் துண்டு கட்டிவிட்டாற்போல ஒரு ஜாதி மாடு வளர்க்கிறார்கள். மாடு கறப்பது, வைக்கோல் சேர்ப்பது எல்லாம் கன்னியாஸ்திரீகள்தான். பகலில் ஏழு தடவை, இரவில் ஒரு தடவை லத்தீனில் பாடி ஜெபிக்கிறார்கள். நடுவே கிடைக்கிற நேரத்தில் இத்தனையும்! நாமோ ஒரு வேளை சமையலுக்கே சலித்துக்கொள்கிறோம்.

இதைத் தொடங்கியவர் மதர் பெனடிக்ட் டஸ். அமெரிக்காவில் பிறந்து, பிரான்சில் வளர்ந்து, டாக்டருக்குப் படித்துவிட்டுத் துறவியானவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடியில் இருந்த ஜுவார் என்ற ஊர் மடத்தில் பயந்து பயந்து நாட்களைக் கழித்தார். 1944 ஆகஸ்டில் ஒரு நாள் மடத்துக் கோபுரத்திலிருந்து பார்த்தால், தெருவில் அமெரிக்கப் படை! அந்த நன்றிக்கடனைத் தீர்க்க அமெரிக்கா வந்து 1947ல் இந்த மடத்தை நிறுவினார். நிலம் கொடுத்த ராபர்ட் லெதர் கத்தோலிக்கர்கூட இல்லை. அந்தப் படையை நடத்திய தளபதி பேட்டனின் பேத்தி, பின்னாளில் இங்கேயே துறவியாகச் சேர்ந்தார்.

என் மனசில் ஒட்டிக்கொண்டது மரத்தொட்டிக் கதை. மதர் நொயெல்லா என்பவர் 1977ல், ஒரு பிரெஞ்சுப் பெண்ணிடம் பக்குவம் கேட்டு சீஸ் செய்ய ஆரம்பித்தார். காய்ச்சாத பாலை மரத்தொட்டியில் விட்டு உறையவைப்பது அந்தப் பக்குவம். 1985ல் கலிபோர்னியாவில் ஏதோ ஒரு சீஸில் லிஸ்டீரியா கிருமி புகுந்து பல உயிர்கள் போயின. அதில் பெரும்பாலானவை கருவிலிருந்த குழந்தைகளும் பிறந்த சிசுக்களும். உடனே அதிகாரிகள் வந்து, மரத்தொட்டியை எடுத்துவிட்டு எவர்சில்வர் வையுங்கள் என்றார்கள். வைத்தார். வைத்த பிறகுதான் சீஸில் ஈ.கோலை கிருமி தலைகாட்டியது!

அவர் வாதாடவில்லை. இரண்டு பாத்திரத்திலும் வேண்டுமென்றே அந்தக் கிருமியைக் கலந்து சீஸ் செய்து பார்த்தார். எவர்சில்வரில் கிருமி பெருகி நின்றது. மரத்தொட்டியில் அநேகமாக ஒடுங்கிப்போனது. மரத்தின் நுண்ணிய துளைகளில் தங்கிவிடும் பாக்டீரியா, நம் தயிரைப் புளிக்கவைக்கிற அதே வகை, அமிலம் சுரந்து அதை அடக்கிவிடுகிறதாம். மரத்தொட்டி திரும்ப வந்தது. அவரும் நுண்ணுயிரியல் படித்து 2003ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

"அந்த சீஸ் ஒரு துண்டு சாப்பிட்டா என்ன?" என்றாள் தங்கை. கூடாதென்று அவள் டாக்டரே சொல்லியிருக்கிறார். மரத்தொட்டி நல்லதாகவே இருக்கட்டும். அவர் சோதித்தது ஈ.கோலையைத்தானே, லிஸ்டீரியாவை இல்லையே. கர்ப்பிணிக்குக் காய்ச்சாத பாலும் வேண்டாம், அதில் செய்த சீஸும் வேண்டாம். பிள்ளை பிறக்கட்டும் என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

காரில் வரும்போது என் மாமியாரின் கல்சட்டி நினைவுக்கு வந்தது. தயிருக்கென்றே வைத்திருந்தார். உறை கொஞ்சமாக ஊற்றினாலும் கட்டியாகத் தோயும். கல்யாணமான புதிதில், கறுப்பாக இருக்கிறதென்று பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கினேன். கல்லும் மரமும் ஒன்றில்லைதான். ஆனாலும் அவர் மாதிரி நானும் சோதித்துப் பார்த்தா தூக்கிப் போட்டேன்?

ஊர் திரும்பியதும் மாமியாரிடம் கதை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்தச் சட்டி இப்ப எந்த வீட்ல இருக்கோ, பாவம்" என்றார்.