100 கிராமும் ஒரு டன்னும்

நாமக்கல்லில் மோகனூர் சாலையை ஒட்டிய முட்டைக்கோழிப் பண்ணை அது. தீவனக் கொட்டகைக்குள் நான் நுழைந்தபோது காலை ஏழு மணி. அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மக்காச்சோள மாவு கிளம்பி, கலவை போடும் அண்ணனின் புருவத்திலும் காது மடலிலும் படிந்திருந்தது. சின்னத் தராசில் பழுப்பு நிறத் தூள் ஒன்றை நிறுத்துக்கொண்டிருந்தார். எண் நிலைக்கும்வரை கையை எடுக்கவில்லை. 100 கிராம். பைட்டேஸ் என்னும் நொதி அது. அந்த ரகத்தில் ஒரு டன் தீவனத்துக்கு அவ்வளவுதான்.

“அப்படியே மிக்சர்ல கொட்டீறக் கூடாதுங்க தம்பி. ஒரு மூட்டைக்குப் போய்ச் சேரும், மத்த மூட்டைக்குச் சேராது” என்றார். முதலில் அன்னக்கூடையில் கொஞ்சம் மாவெடுத்து அதில் தூளைப் பிசறினார். பிறகு அதை அரை மூட்டை மாவோடு கலந்தார். அதன்பின்தான் மிக்சருக்குள் போனது. முட்டையிடும் கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். அதில் இந்தத் தூள் 11 மில்லிகிராம். அந்தத் துளியைக் கடைசிக் கூண்டுக் கோழிவரை சமமாகக் கொண்டுசேர்ப்பது அவர் கைவேலை.

தானியங்களிலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மத்துக்குள் அடைபட்டிருக்கிறது. அதைப் பிரிக்கும் அளவுக்குக் கோழியின் குடலில் நொதி கிடையாது. அதனால் பெரும்பகுதி எச்சத்தோடு வெளியேறிவிடும். பைட்டேட் சுண்ணாம்புச் சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒரு முட்டை ஓட்டுக்கே சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும் என்பதால் அது சின்ன இழப்பல்ல. 1990களின் தொடக்கத்தில் பைட்டேட்டைப் பிரிக்கும் பைட்டேஸ் சந்தைக்கு வந்தபின், பாஸ்பரஸுக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டி.சி.பி.யை (டைகால்சியம் பாஸ்பேட்) டன்னுக்கு ஐந்து கிலோ அளவுக்குக் குறைக்க வழி பிறந்தது.

மக்காச்சோளம் விலை ஏறினால் பண்ணைக்காரர்கள் கம்பு, எண்ணெய் நீக்கிய தவிடு, சூரியகாந்திப் புண்ணாக்கு என்று மாற்றிப் போடுவார்கள். இவற்றில் நார் அதிகம். சில வகை நார் குடலில் பசைபோல இறுகிச் சத்தை உறிஞ்சவிடாது. அதை அறுக்கத்தான் சைலனேஸ் என்னும் இன்னொரு நொதி.

அது வேலை செய்கிறதா என்று பார்ப்பவர் ஷெட்டில் முட்டை பொறுக்கும் அக்கா. கூண்டுக்கு அடியில் குனிந்து எச்சத்தைக் காட்டினார். “இப்படிக் குவியலா, மேல வெள்ளை தெரிஞ்சா நல்லா செரிச்சிருக்குனு அர்த்தம். தண்ணியா ஓடுச்சுன்னா ஈ வந்துரும், முட்டையெல்லாம் கறையாயிரும்.” நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனாலும் தீவனம் மாறிய மறுநாளே முதல் தகவல் சொல்வது இவர் கண்தான்.

போன கோடையில் நொதிப் பையைத் தகரக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டார்களாம். நொதி என்பது புரதம், வெப்பத்தில் வீரியம் போய்விடும். டி.சி.பி.யையும் குறைத்திருந்ததால் சில வாரங்களில் ஓடு மெலிந்து தட்டுத்தட்டாக விரிசல் விழுந்தது. இப்போது பை குளிர்ந்த அறையில் இருக்கிறது. பை பிரித்த தேதியை அண்ணன் சுவரில் கரியால் எழுதிவைக்கிறார்.

என் மனத்தை உறுத்துவது வேறு. அவர் முகத்தில் இருந்தது ஒரு துண்டு மட்டுமே. நொதித் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் வரலாம். 1969-லேயே பிரிட்டனில் சலவைத்தூள் ஆலைத் தொழிலாளர்களிடம் மருத்துவர்கள் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். கிளம்பும்போது அண்ணன் இருமிக்கொண்டே கையசைத்தார்.

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை நொதிப் பை வாங்கும்போது, கலவை போடுபவருக்குத் தூசி வடிகட்டும் நல்ல முகக்கவசமும் சேர்த்து வாங்குங்கள்.