புளியங்காட்டு ஊரைத் தாண்டி ஒரு புட்டி

திண்டிவனத்தில் பேருந்து நின்றபோது கை தன்னால் பைக்குள் போனது. துவாலையில் சுற்றிவைத்திருந்த வைன் புட்டி சுட்டது. கிளாம்பாக்கத்தில் ஏறும்போது ஜில்லென்றிருந்த கண்ணாடி. பங்குனி வெயிலும் எஞ்சினை ஒட்டிய இருக்கையும் சேர்ந்து அதை இந்தப் பாடு படுத்திவிட்டன.

புட்டி என்னுடையதல்ல. கலிபோர்னியாவில் குப்பர்டினோவில் வேலை பார்க்கும் அத்தை மகன் கொடுத்துவிட்டுப் போனது. சாந்தா குரூஸ் மலைச்சரிவில் 2019இல் விளைந்த காபர்நே சாவிஞான் திராட்சை. "அம்மா வீட்டு உள்ளறையில வெச்சிடு மச்சான். பத்து வருஷம் கழிச்சு எல்லாரும் ஒண்ணாத் திறக்கலாம்" என்றான். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த வைன் நிதானமாக முதிர, 13 டிகிரியை ஒட்டிய மாறாத குளுமை வேண்டும். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் விழுப்புரத்துக்கு அல்லவா அதைக் கொண்டுபோகிறேன்!

திந்திரிணி என்றால் புளி. திந்திரிணி வனம்தான் திண்டிவனம் ஆனது என்பார்கள். ஊருக்குள் இருக்கும் சிவனுக்கும் திந்திரிணீஸ்வரர் என்றே பெயர். சிறுவயதில் இந்தச் சாலை நெடுகப் புளிய மரங்கள் கைகோத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். நான்கு வழிச் சாலைக்காக அவற்றை வெட்டினார்கள். இப்போது விக்கிரவாண்டி வரை வெயிலில்தான் போகவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது எனக்கு வலிக்கிறது.

அத்தை வீட்டுத் திண்ணையில் துவாலையை அவிழ்த்தால், தக்கை லேசாக மேலே எழும்பியிருந்தது. ஓரத்தில் கருஞ்சிவப்பாக ஒரு கசிவு. தக்கை நகர்ந்தால் காற்று புகுந்துவிடும், இனி வைத்திருந்து பயனில்லை. அத்தை மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "திறந்துடு. அம்மாவுக்கும் ஒரு வாய் குடு" என்றான்.

முற்றத்தில் புதுப் புளி காய்ந்துகொண்டிருந்தது. அத்தை காலை நீட்டி உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை தட்டிக்கொண்டிருந்தார். நான் ஊற்றிய டம்ளரை வாங்கி முகர்ந்தார். சுண்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"துவர்க்குதுடா. புளிப்பு தனியா நிக்குது, பழ வாசனை தனியா நிக்குது. ஒண்ணோட ஒண்ணு இன்னும் சேரல. இது புதுப் புளி."

எனக்கு மெய் சிலிர்த்தது. வைன் தேர்ந்தவர்கள் இளம் காபர்நேயைப் பற்றிச் சொல்வதும் இதையேதான். தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கும் டானின்தான் அந்தத் துவர்ப்பு. ஆண்டுகள் போகப் போக அது நிறப்பொருளோடு கூடிக் கூடிக் கனத்து, அடியில் மண்டியாகப் படியும். நாக்கைப் பிடிக்கும் முரட்டுத்தனம் அப்போதுதான் அடங்கும். இன்னொன்றும் இருக்கிறது. திராட்சையைப் புளிக்கவைக்கும் டார்டாரிக் அமிலமே புளியிலும் ஏராளமாக இருக்கிறது. விரலால் தொட்டே அந்த உறவை அத்தை பிடித்துவிட்டார்.

உள்ளறையில் மூன்று பானைகளைக் காட்டினார். கல் உப்புத் தூவி அடைத்து, வாயைத் துணியால் கட்டிய புளி. போன வருடத்துப் பானையில் மெழுகுபோலக் கறுத்து மின்னியது. முற்றத்தில் காய்வதோ செம்பழுப்பு; வாயில் போட்டால் பல் கூசும்.

"மூணு பானை கட்டுனா ஒண்ண ஆடியிலேயே அவுத்துப் பாக்கணும். உப்பு கம்மியா இருந்தா, பூச்சி வுழுந்திருந்தா, அப்பத்தானே மத்த ரெண்டையும் காப்பாத்த முடியும்?"

வைனைப் பெட்டியாக வாங்கி, வருடத்துக்கொன்றாகத் திறந்து பார்க்கிறவர்கள் செய்வதும் இதுதான். இளசில் திறப்பது குற்றம் என்று நானும் நம்பியிருந்தேன். இளசில் ருசித்துவிட்டு, முதுமை இப்படித்தான் இருக்கும் என்று தீர்ப்புச் சொல்வதுதான் குற்றம். 1976 மே 24 அன்று பாரிஸில் கலிபோர்னிய வைன்களையும் பிரெஞ்சு வைன்களையும் பெயர் மறைத்து ருசித்தார்கள். சிவப்பில் முதலிடம் பெற்ற ஸ்டாக்ஸ் லீப், 1973 விளைச்சல், மூன்றே வயது. கலிபோர்னியச் சரக்கு இளசில் மயக்கும், நாள்பட்டால் நிற்காது என்று பேசியவர்கள் உண்டு. சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 2006இல், அதே சிவப்பு வைன்களை மறுபடி திறந்தார்கள். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கே. அன்று ஐந்தாவதாக வந்த 1971 விளைச்சல் மான்டே பெல்லோ முதலிடத்துக்கு ஏறியிருந்தது. அந்த மான்டே பெல்லோ மலை, அத்தை மகன் குடியிருக்கும் குப்பர்டினோவுக்கு மேலேதான் நிற்கிறது.

அன்றிரவு பழம்புளி ரசம். அரைப் புட்டி மிச்சமிருந்தது. தக்கையைச் செருகி, பானைகளுக்கு நடுவே ஈரத் துணி சுற்றி அத்தை வைத்தார்.

காலையில் நான் கிளம்புமுன் மறுபடி விரலை நனைத்துப் பார்த்தார்.

"நேத்தைக்கு இன்னிக்கு இறங்கியிருக்குடா" என்றார். "அவன்கிட்ட சொல்லு, இன்னொண்ணு வாங்கி அங்கயே வெச்சிருக்கட்டும். இங்க இருக்குற வெயிலு புளிக்குத்தான் ஆகும்."