அப்பா நூறு மேட்ச் ஆடியிருக்கணும்

மெல்பர்ன்ல குடியிருக்கிற யாரும் ஃபுட்டிகிட்ட இருந்து தப்பிக்க முடியாது. ஃபுட்டின்னா நம்மூர்ல சொல்ற ஃபுட்பால் இல்லீங்க. முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 18 பேர், ரெண்டு முனையிலும் நாலு நாலு கம்பம்... அந்த ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஆட்டம். செப்டம்பர்ல கிராண்ட் ஃபைனல் முடிஞ்சதும் ஜனங்க ஓய்வாங்கன்னா அதுவும் கிடையாது. அக்டோபர்ல டிரேடு, நவம்பர்ல டிராஃப்ட். ஆட்டமே இல்லாத இந்த ரெண்டு மாசம்தான் எங்க ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில சத்தம் ஜாஸ்தி.

டிராஃப்ட்டுன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நம்ம ஐ.பி.எல். ஏலத்துல காசு பேசும். இங்கே காசு பேசாது, வரிசை பேசும். அந்த வருஷம் கடைசியா வந்த அணிக்கு முதல் ஆளைக் கூப்பிடுற உரிமை, கோப்பை ஜெயிச்சவனுக்குக் கடைசி வாய்ப்பு. எத்தனையாவதா கூப்பிட்டாங்களோ அதுதான் அந்தப் பையனோட 'பிக்' நம்பர். டிசம்பர் 31க்குள்ள 18 வயசு ஆகியிருக்கணும். நம்மூர் பொறியியல் கவுன்சிலிங்கைத் தலைகீழா யோசிச்சுப் பாருங்க. அங்கே பையன் காலேஜைத் தேர்ந்தெடுப்பான். இங்கே காலேஜ் பையனைத் தேர்ந்தெடுக்கும், அதுவும் ஃபெயிலான காலேஜ் முதல்ல! பெர்த் அணி கூப்பிட்டா மெல்பர்ன் பையன் பெர்த்துக்குப் போயே ஆகணும். சென்னையிலிருந்து டெல்லியை விட தூரம், மக்களே.

இந்த முறை வர்றதுக்கு முன்னாடி ஏரியா பிரிச்சு வச்சிருந்தாங்க. ரேஷன் கார்டு மாதிரிதான். உங்க விலாசம் எந்தக் கடையோ அங்கேதான் அரிசி. 1968-லிருந்து விக்டோரியா கிராமப்புறத்தையும் கிளப்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தாங்க. நல்ல ஏரியா கிடைச்ச கிளப் கொழிச்சுது, மத்தது காய்ஞ்சுது. 1982-ல் சவுத் மெல்பர்ன் கிளப் சிட்னிக்கு இடம் பெயர்ந்தப்போ சில்வியோ ஃபோஸ்கினின்னு ஒரு இளம் வீரர் 'நான் வரமாட்டேன், செயின்ட் கில்டாவுக்கு ஆடுறேன்'னு நீதிமன்றம் போனார். 1983-ல் விக்டோரியா உச்ச நீதிமன்றம், வீரர்களை இப்படிக் கட்டிப்போடுற விதிகள் தொழில் உரிமையை மறிக்குதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கப்புறம்தான் 1986-ல் டிராஃப்ட், 1987-ல் சம்பள உச்சவரம்பு எல்லாம் வந்தது. சிட்னி பக்கத்து ரக்பி லீக்கும் இதே மாதிரி டிராஃப்ட் கொண்டு வந்து பார்த்தாங்க. அங்கே வீரர்கள் வழக்கு போட்டு 1991-லேயே அதைக் கவிழ்த்துட்டாங்க. ஃபுட்டியில நிலைச்சுப் போச்சு.

சரி, சண்டைக்கு வருவோம். எங்க மேஜையில நாலு பேர். ஒருத்தர் காலிங்வுட், ஒருத்தர் கார்ல்டன், ஒருத்தர் மெல்பர்ன், நான் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் (மேற்குப் புறநகர்ல வீடு வாங்கினா வீட்டுக் கடனோட இதுவும் சேர்ந்து வரும்).

முதல் சண்டை, வேணும்னே தோக்கிறதைப் பத்தி. கடைசியா வந்தா நல்ல பையன் கிடைப்பான்னா, ஏன் கஷ்டப்பட்டு ஜெயிக்கணும்? ஒரு காலத்துல, ரெண்டு வருஷம் தொடர்ந்து நாலு மேட்ச்சுக்கு மேல ஜெயிக்காத அணிக்கு முதல் சுற்றுக்கு முன்னாடியே கூடுதலா ஒரு பிக் தந்தாங்க. மெல்பர்ன் 2008-ல் மூணு, 2009-ல் சரியா நாலு! ரிச்மண்டோட ஆடின ஒரு மேட்ச்ல, சைரன் ஒலிச்ச பிறகு எதிராளி உதைச்ச கோல்ல தோத்தாங்க. டிராஃப்ட்ல முதல் ரெண்டு பிக்கும் அவங்களுக்கே. விசாரணை நடந்தது. வேணும்னு தோத்தாங்கன்னு நிரூபணம் ஆகலை, ஆனா 2013-ல் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதம். கிடைச்ச ரெண்டு பிள்ளைகளை வச்சு என்ன சாதிச்சாங்க? முதல் பிக் டாம் ஸ்கல்லி ரெண்டு வருஷத்துல சிட்னியில புதுசா ஆரம்பிச்ச ஜி.டபிள்யூ.எஸ். அணிக்குப் போயிட்டார். கோப்பை வந்தது 2021-ல்தான்.

கார்ல்டன் நண்பர் இந்த இடத்துல மட்டும் அமைதியா சாண்ட்விச் சாப்பிடுவார். ஏன்னா 2005, 2006, 2007 மூணு வருஷமும் முதல் பிக் அவங்களுக்குத்தான். மர்ஃபி, கிப்ஸ், க்ரூஸர். மூணு பேரும் நல்ல ஆட்டக்காரங்கதான், ஒருத்தருக்கும் கிராண்ட் ஃபைனல் ஆடக் கொடுத்து வைக்கலை. கார்ல்டனோட கடைசிக் கோப்பை 1995.

நம்பரை நம்பி மோசம் போறதுக்கு 2001 டிராஃப்ட்டை விட நல்ல உதாரணம் கிடையாது. முதல் பிக் லூக் ஹாட்ஜ், ஹாத்தார்னுக்கு நாலு கோப்பை. குறை சொல்ல முடியாது. ஆனா சிறந்த வீரருக்கான பிரௌன்லோ பதக்கம் அந்த ஒரே டிராஃப்ட்ல வந்த அஞ்சு பேருக்குக் கிடைச்சிருக்கு. ஜட் 3, பார்ட்டெல் 8, சாம் மிட்சல் 36, கேரி ஆப்லெட் ஜூனியர் 40, டேன் ஸ்வான் 58! எசென்டன் ஜேம்ஸ் ஹேர்டு 1990-ல் 79-வது ஆளா வந்தவர். 18 வயசுப் பையனோட ஓட்டத்தையும் உயரத்தையும் அளக்கலாம். பத்து வருஷம் கழிச்சு என்ன ஆவான்னு அளக்கிற டேப்பை யாரும் இன்னும் கண்டுபிடிக்கலை.

ஆப்லெட் ஏன் 40? அங்கேதான் ரெண்டாவது சண்டை, பெரிய சண்டை. வாரிசு விதி. அப்பா ஒரு கிளப்புக்கு 100 மேட்ச் ஆடியிருந்தா மகனை அந்தக் கிளப் முன்னுரிமையில எடுத்துக்கலாம். 1949-ல் வந்த ஏற்பாடு. அதுக்குப் பின்னாடி உருக்கமான கதை உண்டு. மெல்பர்ன் வீரர் ரான் பராஸி 1941-ல் டோப்ரூக் போர்ல இறந்துட்டார். அவர் மகனும் அப்பாவோட சிவப்பு-நீலச் சட்டையைத்தான் போடணும்னு மெல்பர்ன் கிளப் இந்த விதிக்காகப் பாடுபட்டுது. மகன் பராஸி 1953-ல் வந்து ஆறு கோப்பை ஜெயிச்சார். வேடிக்கை என்னன்னா, பெரிய பராஸி ஆடினது 58 மேட்ச்தான். இன்னிக்கு விதிப்படி மகனுக்கு அந்தச் சலுகை கிடையாது!

பழைய நாள்ல வாரிசுக்கு விலை ரொம்ப மலிவு. 2006-ல் டாம் ஹாக்கின்ஸ், முதல் வரிசைப் பையன்னு ஊரே சொன்ன ஆளு, ஜீலாங்குக்கு 41-வது பிக்ல கிடைச்சார். மத்த கிளப்கள் கத்தின கத்துல அடுத்த வருஷமே முறை மாறிச்சு. வேற அணி ஒரு விலை கூப்பிடும், அப்பாவோட கிளப் அதுக்கு ஈடு கட்டணும். 2015-லிருந்து புள்ளிக் கணக்கு. முதல் பிக்குக்கு 3000 புள்ளி, அப்படியே இறங்கிட்டே போகும். வாரிசுக்கு 20% தள்ளுபடி வேற, தீபாவளி சேல் மாதிரி.

2021-ல் நிக் டெய்கோஸுக்கு நாலாவது பிக் விலை விழுந்தது. நாலாவது பிக்னா 2034 புள்ளி. தள்ளுபடி போக 1627. காலிங்வுட் 38, 40, 42, 44-ன்னு நாலு பின்வரிசைப் பிக்கைக் கொட்டிக் கூட்டினா 1651. முடிஞ்சது வியாபாரம்! கடைசி வரிசைச் சில்லறையை வச்சுத் தங்கம் வாங்கின கதை. 2023 கோப்பையில அவரும் அண்ணன் ஜாஷும் இருந்தாங்க. காலிங்வுட் நண்பர் 'இது பாரம்பரியம், குடும்பம்'னு நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். எனக்கும் அது புரியுது. எங்க புல்டாக்ஸ்ல அதே ராத்திரி ரெண்டாவது பிக்ல சாம் டார்சி வந்தார். தாத்தா, அப்பா, பேரன் மூணு தலைமுறையும் எங்க சட்டை. நான் கை தட்டினேன்.

ஆனா அதே ராத்திரி அஞ்சாவது பிக்ல என்ன நடந்ததுன்னு பாருங்க. மேக் ஆண்ட்ரூ. தென் சூடான் வம்சாவளிப் பையன், மெல்பர்ன் கிளப்போட நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமியில இருந்தவர். இந்த அகாடமி பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும், ஆசியா ஆப்பிரிக்கான்னு வேற மண்ணிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் ஃபுட்டி சொல்லிக் கொடுக்க 2016 வாக்கில் ஆரம்பிச்சது. வளர்த்த கிளப்புக்கு வாரிசு மாதிரியே முன்னுரிமை உண்டு. 2020-ல் பூர்வகுடிப் பையன் ஜமாரா யூகல்-ஹேகன் இப்படித்தான் முதல் பிக்ல எங்க புல்டாக்ஸுக்கு வந்தார். உடனே எல்லாரும் 'அநியாயம்'னாங்க. 2021-லிருந்து முதல் 20 பிக்குக்குள்ள அகாடமிப் பையனுக்கு ஈடு கட்ட முடியாதுன்னு விதி. அப்புறம் 40 ஆக்கினாங்க. அதனால ஆண்ட்ரூவை கோல்ட் கோஸ்ட் கூப்பிட்டப்போ மெல்பர்ன் கையைக் கட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தது.

ரெண்டாவது பிக்ல வாரிசு, ஓகே. நாலாவது பிக்ல வாரிசு, ஓகே. அஞ்சாவது பிக்ல அகதிக் குடும்பத்துப் பையனை வளர்த்த கிளப் கேட்டா, கூடாது. ஒரே ராத்திரி, ஒரே மேடை!

மேஜையில நான் இதைத்தான் கேட்டேன். காலிங்வுட் நண்பர், 'டெய்கோஸ் பையன் பொறந்ததிலிருந்து அந்தக் கிளப்பை நேசிச்சவன்'னார். இருக்கலாம். எங்க வீட்டுலயும் ஒருத்தன் பொறந்ததிலிருந்து புல்டாக்ஸ் சட்டையோட தூங்குறான். அவனுக்கு 11 வயசு, அண்டர் 12 ஆடுறான். ஒருநாள் காருல வர்றப்போ இந்த விதியெல்லாம் கேட்டுட்டு, 'அப்பா, நீ எத்தனை மேட்ச் ஆடியிருக்கே?'ன்னான். 'தெருவுல டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆயிரம் மேட்ச்டா'ன்னேன். 'அது கணக்குல வராதுப்பா'ன்னு சீரியஸா பதில் சொல்றான் :-)

சிரிச்சுக்கிட்டேன், ஆனா அந்தக் கணக்கு மனசுல நின்னுடுச்சு. கடல் கடந்து வந்தவன் பிள்ளைக்கு இந்த ஊர்ல நூறு மேட்ச் ஆடின அப்பா எங்கேயிருந்து வருவான்? குறைஞ்சது ஒரு தலைமுறை பொறுத்தாகணும். அகாடமிதான் அந்தப் பள்ளத்துக்குப் போட்ட பலகை. 2024-ல் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்க, சந்தோஷம். 2025-ல் தள்ளுபடியையும் 20-லிருந்து 10% ஆக்கினாங்க. அதுவும் நியாயம்தான். சலுகை வேணும்னா எல்லாருக்கும் ஒரே அளவுகோல். இல்லேன்னா யாருக்கும் வேண்டாம். பிரிஸ்பேன்ல ஆஷ்க்ராஃப்ட் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாரிசுகளா வந்து, 2024, 2025 ரெண்டு கோப்பையும் போனதைப் பார்த்த பிறகு இதைக் கேட்கிறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க.

இவ்வளவு விவாதத்துலயும் நாங்க நாலு பேரும் மறந்துடற ஒண்ணு இருக்கு. நாங்க 'பிக் 4', 'பிக் 41'-ன்னு பேசறது எல்லாம் பள்ளிக்கூடம் முடிக்கிற பிள்ளைகளைப் பத்தி. டாம் பாய்ட் 2013-ல் முதல் பிக். ஒரே வருஷத்துல ஜி.டபிள்யூ.எஸ்.ஸை விட்டு பெரிய சம்பளத்துக்கு எங்க புல்டாக்ஸுக்கு வந்தார். 'இவ்வளவு காசு தகுமா'ன்னு வாரா வாரம் பேசினாங்க. 2016 கிராண்ட் ஃபைனல்ல மூணு கோல் போட்டு, 62 வருஷமா வராத கோப்பையை எங்களுக்கு வாங்கித் தந்தார். 2019-ல், 23 வயசுல, போதும்னு ஆட்டத்தையே விட்டுட்டார். மன அழுத்தத்தோட பட்ட பாட்டை அவரே வெளிப்படையா பேசியிருக்கார்.

எங்க தெருவுல ஒரு பையன். பேர் வேண்டாம். 18 வயசுக்குட்பட்டோர் போட்டியில நல்லா ஆடினான். ஆர்வலர்கள் போடற பட்டியல்கள்ல 50-க்கு மேல எங்கேயோ அவன் பேரும் இருந்தது. டிராஃப்ட் ராத்திரி அவங்க வீட்டுல சொந்தக்காரங்க எல்லாம் கூடி டி.வி. முன்னாடி உட்கார்ந்திருந்தாங்க. கடைசிப் பேர் வரைக்கும் வாசிச்சு முடிச்சாங்க. அவன் பேர் வரலை. மறுநாள் காலையில குப்பைத் தொட்டியை வெளியே தள்ளிக்கிட்டு வந்த அவங்கப்பா கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. 'நல்ல பையன்'னு மட்டும் சொன்னேன். 'ஆமா, நல்ல பையன்'னார்.

இப்போ அவன் எலக்ட்ரீஷியன் அப்ரண்டிஸ். சனிக்கிழமை உள்ளூர் கிளப்புக்கு ஆடுறான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்டர் 12 பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான். பந்து எந்தக் காலுக்கு வந்தாலும் பயப்படாம உதைக்கணும்னு என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவன்தான். அதுக்கு அப்பா நூறு மேட்ச் ஆடியிருக்கணும்னு ஒண்ணும் கேட்கலை.