மூன்று துளைகள்

கோல்ஃபில் நம் அடிகளை எண்ணி எழுதுகிறவர் நம்மோடு ஆடுகிறவர்தான். மார்க்கர் என்போம். ஆட்டம் முடிந்ததும் அவர் எழுதிய அட்டையை வாங்கி, துளை துளையாகச் சரிபார்த்து, கீழே நாம் கையெழுத்துப் போட வேண்டும். தோற்ற நாளில் இந்தக் கையெழுத்தைப்போலக் கனமான வேலை வேறொன்று இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொடைக்கானலில், இரண்டு நாள் போட்டியின் முதல் நாளில், 98 என்ற எண்ணுக்குக் கீழே அப்படிக் கையெழுத்துப் போட்டேன். நான் சாதாரணமாக 86-ஐ ஒட்டி ஆடுகிறவன்.

பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்த கேடி அண்ணன் முப்பது வருடமாக அந்த மலைச்சரிவில் நடப்பவர். மட்டைகளைத் துடைத்து அடுக்கியபடியே, “மூணு ஹோலுதான் சார் போச்சு. மிச்சமெல்லாம் உங்க ஆட்டந்தான்” என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சரியாகப் பதில்கூடச் சொல்லவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இரவு தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏழாவது துளையில் 10, பன்னிரண்டில் 8, பதினாறில் 8. மூன்றுக்கும் சேர்த்து 26. மற்ற பதினைந்து துளைகளில் 72. அது என் வழக்கமான ஆட்டம்தான். அவர் ஆறுதல் சொல்லவில்லை, கணக்குச் சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் கோல்ஃப் வீரர் ரோரி மெக்கில்ராயின் போர்ட்ரஷ் நினைவுக்கு வந்தது. 1951-க்குப் பிறகு முதல்முறையாக 2019-ல் ஓப்பன் சாம்பியன்ஷிப் வடக்கு அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷ் மைதானத்துக்குத் திரும்பியது. அவர் அந்த மண்ணின் பிள்ளை. பதினாறு வயதில் அதே மைதானத்தில் 61 அடித்துச் சாதனை படைத்தவர். ஊரே திரண்டு நிற்க, முதல் துளையில் முதல் அடியையே இடப்பக்கம் எல்லைக்கு வெளியே அடித்தார். நாலு அடியில் முடிய வேண்டிய துளை எட்டில் முடிந்தது. பதினாறாவதில், ஒரு சிறுவன்கூடத் தட்டிவிடக்கூடிய தூரத்துப் புட்டை, அதாவது துளைக்குள் உருட்டும் அடியை, தவறவிட்டு இரண்டு கூடுதல். கடைசித் துளையில் மூன்று கூடுதல். மொத்தம் 79. பார், அதாவது முடிய வேண்டிய அடிக்கணக்கு, 71. மூன்று துளைகளில் மட்டும் ஒன்பது அடி கூடியிருக்கிறது. அப்படியானால் மற்ற பதினைந்தையும் அவர் பாருக்கு ஒன்று குறைவாகவே ஆடியிருக்கிறார்! ஊர் பார்த்தது சரிவை மட்டும்தான்.

2011-ல் அகஸ்டாவிலும் அவருக்கு ஏறக்குறைய இதுதான். நாலு அடி முன்னிலையோடு மாஸ்டர்ஸின் கடைசி நாளைத் தொடங்கிய இருபத்தொரு வயதுப் பையன், பத்தாவது துளையில் பந்தை மரங்களுக்கு அப்பால் மர வீடுகளின் பக்கம் அடித்தார். அங்கே 7, அடுத்ததில் ஒரு போகி (ஒரு அடி கூடுதல்), அதற்கடுத்த குட்டித் துளையில் நாலு புட். பாருக்கு எட்டு கூடி 80 ஆன அன்றைய ஆட்டத்தில் ஆறு அடி இந்த மூன்று துளைகளில் போனது. இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார். அந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது போர்ட்ரஷ்ஷின் இரண்டாம் நாள். முந்தைய நாள் 79 அடித்தவர் மறுநாள் 65 அடித்தார். வார இறுதிக்குத் தகுதி பெற ஒரே ஒரு அடி போதவில்லை. கோப்பை இல்லை, சனிக்கிழமை ஆட்டம்கூட இல்லை. மாலை மங்கும் நேரத்தில் தொண்டை அடைக்கப் பேசிவிட்டுப் போனார். மீண்டு வருவது என்றால் வெற்றியில் போய் முடிய வேண்டும் என்று நாம் எதிர்பார்த்துப் பழகிவிட்டோம். அந்த 65-க்குப் பரிசு எதுவும் இல்லை. ஆனாலும் அதில் ஒவ்வொரு அடியையும் முழுதாக ஆடியிருந்தார். அதை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு விம்முகிறது.

என் மூன்று துளைகளுக்குத் திரும்புகிறேன். ஏழாவது ஒரு பார் 5. முதல் அடி ஓபி, அதாவது எல்லைக்கு வெளியே. விதிப்படி மறுபடி டீயிலிருந்து, அதாவது துளையின் தொடக்க இடத்திலிருந்து, அடிப்பது மூன்றாவது அடி. போன இரண்டையும் அந்த ஒரே அடியில் பிடித்துவிட வேண்டும் என்று டிரைவர் மட்டையை இறுக்கினேன். அதுவும் ஓபி. அடுத்தது ஐந்தாவது அடி. முதல் பந்து போனது பிசகு, எவருக்கும் நேரும். இரண்டாவது பந்தை அனுப்பியது பதற்றம். கை இறுகினால் தோள் இறுகும், தோள் இறுகினால் வீச்சு குறுகி வேகம் மட்டும் கூடும். நடைகூட அன்று ஓட்டமாக இருந்தது. பன்னிரண்டிலும் பதினாறிலும் ஆடியது அதே கைதான்.

மறக்க முயல் என்பார்கள். அட்டையில் 10 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டபின் எதை மறப்பது? இரண்டு நாள் போட்டியில் முதல் நாள் அடிகள் அப்படியே கூட்டலில் உட்கார்ந்திருக்கும். அவை அங்கேயே இருக்கட்டும், இன்றைய அடிகளால் அவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அந்த இரவில் முடிவு செய்தேன். அதன்பின் தூக்கம் வந்தது.

மறுநாள் 84. பரிசுப் பட்டியலுக்கு வெகு தூரம். காலையில் அரை மணி நேரம் மூன்றடி தூரப் புட்கள் மட்டும் போட்டேன், டிரைவரைத் தொடவில்லை. கேடி அண்ணனிடம், “நேத்து நீங்க சொன்னது சரிதாண்ணே” என்றேன். தலையசைத்தார்.

ஏழாவது டீயில் பனிமூட்டம். தூரத்துச் சரிவில் காட்டுமாடுகள் இரண்டு அசையாமல் நின்றன. என் கை பழக்கத்தில் டிரைவர் பக்கம் போனது. அதற்குள் அவர் ஐந்தாம் நம்பர் அயர்னை நீட்டினார். “கைய இறுக்காதீங்க சார்.” வாங்கிக்கொண்டேன். பந்து அதிக தூரம் போகவில்லை. புல்வெளியின் நடுவில் விழுந்தது. இரண்டாவது, மூன்றாவது, கிரீனுக்குச் சற்று முன்னால் நாலாவது. ஒரு சிப், ஒரு புட். மார்க்கர் ஆறு என்று எழுதினார். பனி விலகுவதற்குள் எட்டாவது டீக்கு நடந்தோம்.