லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஒரு குவாத்தமாலா ரொட்டிக் கடை

லாஸ் ஏஞ்சலீஸ் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் எழுவது ஹாலிவுட்டும் அதன் நட்சத்திரங்களுமே. அந்நகரின் வாணிக மையத்துக்குச் சற்று மேற்கே வெஸ்ட்லேக் என்றொரு பகுதி உண்டு. அதைக் காண்பதற்கென்று எவரும் பயணம் செய்வதில்லை. நடுவில் ஓர் ஏரி. ஏரியைச் சுற்றிப் பனையினத்து மரங்கள் ஓங்கி நிற்கும் பூங்கா. அப்பூங்காவுக்கும் முன்னாளில் வெஸ்ட்லேக் என்றே பெயர். 1942 ஆம் ஆண்டில் தளபதி மக்கார்தரின் பெயரைச் சூட்டினார்கள். வில்ஷயர் என்னும் பெருஞ்சாலை பூங்காவை இரு கூறாக்கிக்கொண்டு செல்கிறது. பக்கத்திலுள்ள அல்வராடோ தெருவில் நடந்தால் ஆங்கிலம் காதில் விழுவது அரிது. எங்கும் ஸ்பானிய மொழியே. நடைபாதையில் மாங்காய்க் கீற்றின்மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்கிறார்கள். சென்னைக் கடற்கரையின் நினைவு வராமல் போகாது.

2025 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை ஐந்து திங்கள் அப்பகுதியில் என் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தேன். காலையில் அவள் மருத்துவமனைப் பணிக்குச் சென்றபின் எனக்கு நடப்பதைத் தவிர வேறு தொழில் இல்லை. அந்த நடைதான் என்னை ஒரு குவாத்தமாலா ரொட்டிக் கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

குவாத்தமாலா, மெக்சிகோவுக்குத் தெற்கே உள்ள மலைநாடு. பரப்பில் தமிழ்நாட்டைவிடச் சிறியது. அங்கே 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்று, ஐக்கிய நாடுகள் சபையின் துணையோடு அமைந்த விசாரணைக் குழு 1999 இல் கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாயா குடிகள். 1980 களில் உயிர் பிழைக்க வடக்கே ஓடியவர்களுள் பலர் வெஸ்ட்லேக்கின் பழைய மாடிக் கட்டடங்களில் குடியேறினார்கள். அவர்களைத் தேடி உறவினர் வந்தனர். உறவினரைத் தேடி ஊரார் வந்தனர். மாதுங்காவும் கரோல் பாகும் நம்மவர் இடமாகிய கதையை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

கடை பெரியதன்று. பணம் அனுப்பும் நிலையம் ஒன்றுக்கும் துணி வெளுக்கும் கடை ஒன்றுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கிறது. உள்ளே ஆறு மேசைகள். நாற்காலிகள் முதுகை வருத்துபவை. தொலைக்காட்சியில் காற்பந்தாட்டம் ஓயாமல் முழங்கும். இவற்றைக் குறை கூறாத வாடிக்கையாளரை நான் கண்டதில்லை. குறை கூறிவிட்டு வராமல் நின்றவரையும் கண்டதில்லை. வாயிலருகே வட்டத் தட்டுகளும் இடுக்கிகளும் அடுக்கியிருக்கும். தட்டை ஏந்தி, அலமாரிகளில் வேண்டிய ரொட்டியை இடுக்கியால் எடுத்து வைத்துக்கொண்டு கல்லாவுக்குச் செல்ல வேண்டும். அங்கே கடைக்கார அம்மையாரின் மகள் எண்ணிப் பார்த்துப் பணம் வாங்குவாள். அமெரிக்காவில் பிறந்து கல்லூரியில் பயிலும் பெண். எனக்கு மொழிபெயர்ப்பாளராக வாய்த்தவள் அவளே.

அந்நாட்டு ரொட்டிகளில் முதன்மையானது சம்புராதா. உள்ளங்கையைவிட அகலமாய், தட்டையாய், எள் தூவிச் சுட்ட மொறுமொறுப்பான பண்டம். அதைக் காப்பியில் தோய்த்து உண்ண வேண்டும். தோய்க்காமல் உண்பவன் அந்நாட்டவன் அல்லன் என்று பக்கத்து மேசைக்காரர் ஒருவர் எனக்குப் பாடம் நடத்தினார். எவ்வளவு நேரம் தோய்ப்பது என்பதில் அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒற்றுமை இல்லை. சிறு உருண்டைகள் ஒட்டிப் பிறந்தாற்போல் வரிசையாய் இருப்பது பிரான்சிய ரொட்டி எனப்படும், பெயர்தான் பிரான்சு. கெசதீயா என்பது பாலடைக்கட்டி சேர்த்த இனிப்பு ரொட்டி. மெக்சிகோவில் அதே பெயர், பாலடைக்கட்டியை மடித்துச் சுட்ட சோள அடையைக் குறிக்கும். ஒருநாள் மெக்சிகோ இளைஞன் ஒருவன் கெசதீயா கேட்டான். இனிப்பு ரொட்டி வந்தது. அவன் அதைப் புரட்டிப் பார்த்தான், உப்புக் கேட்டான். கடையே சிரித்தது. பின்னர் அதையும் உண்டு, இன்னும் இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு போனான். சைவ உணவினருக்கு ஓர் எச்சரிக்கை: சில ரொட்டிகளில் பன்றிக் கொழுப்புச் சேரும்; கேட்டறிந்து வாங்குவது நலம்.

குவாத்தமாலா மக்கள் 'இல்லை' என்ற சொல்லை நேராகச் சொல்லக் கூசுகிறவர்கள். அதற்கு முன்னோட்டமாக 'ஃபீஹெசே' என்பார்கள். 'பாருங்கள்' என்பது பொருள். அச்சொல் காதில் விழுந்தால் கேட்ட பொருள் தீர்ந்துவிட்டது என்று அறியலாம். நான் சென்ற முதல் வாரம் அம்மையார் என்னை எந்த நாட்டவர் என்று வினவினார். "இந்தியா, தமிழர்" என்றேன். அவர் முகம் வாடியது. "ஃபீஹெசே, தமால் சனிக்கிழமைதான் கிடைக்கும்" என்றார். மகள் விளக்கியதும் இருவரும் நெடுநேரம் சிரித்தோம். அன்று முதல் அக்கடையில் எனக்குத் 'தோன் தமால்' என்று பெயர். தோன் என்பது நம் 'ஐயா' போன்ற மரியாதைச் சொல், ஆகையால் வருந்துவதற்கில்லை.

தமால் என்பது சோளமாவினுள் இறைச்சியும் காரக் குழம்பும் வைத்து, வாழையிலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்த உணவு. சனிக்கிழமை மாலையில் அதை உண்பது அந்நாட்டு வழக்கம். விற்கும் வீடுகளும் கடைகளும் வாயிலில் சிவப்பு விளக்கு ஒன்றை ஏற்றி வைக்கும். எழுத்தறியாதவரும் அறிந்துகொள்ளும் விளம்பரம் அது. இக்கடையிலும் சனிக்கிழமைதோறும் சிவப்பு விளக்கு எரிந்தது. வெந்த வாழையிலையின் மணம் தெருமுனை வரை வரும். உள்ளே இறைச்சி இருந்ததால் எனக்கு மணம் மட்டுமே வாய்த்தது.

விடியற்காலை ஐந்து மணிக்கு இரவு முழுதும் அலுவலகங்களைத் துடைத்துக் கழுவிவிட்டு வீடு திரும்பும் பெண்கள் வருவார்கள். அவர்களுக்கு எதிராகக் கட்டட வேலைக்குப் புறப்படும் ஆடவர் வருவார்கள். யாரும் யாரையும் அறியாவிடினும், உண்டு எழுந்து செல்பவர் உண்பவரை நோக்கி "புவேன் ப்ரொவேச்சோ" என்று வாழ்த்திவிட்டே செல்வார். உண்டது உடலில் ஒட்டட்டும் என்று நம் பாட்டிமார் சொல்வதற்கு ஒப்பானது. எல்லோரும் ஸ்பானியம் பேசுவோர் என்று நான் எண்ணியிருந்தேன். குவாத்தமாலாவில் மாயா மொழிகள் மட்டும் 22 உண்டு. கீச்சே பேசும் ஒரு மூதாட்டிக்கு ஸ்பானியம் பத்துச் சொல்லுக்கு மேல் வராது. அவருக்கென்று சமையற்கட்டிலிருந்து ஒரு பையன் வெளியே வந்து நின்று பேசுவான். அவர் வாங்குவது இரண்டு ரொட்டிதான். பேசுவது அரை மணி நேரம். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் பொறுத்துக்கொள்வார்கள்.

கடையில் காப்பி இரு வகை. ஒன்று, பெரிய கலத்தில் எப்போதும் சூடாக இருக்கும் நீர்த்த, சருக்கரை கலந்த கறுங்காப்பி. கும்பகோணத்து அம்மையார் எவரும் இதைக் காப்பி என்று ஒப்பமாட்டார். குவளையின் அடி தெரியும். மற்றொன்று, வேவேதெனாங்கோ என்னும் மலை மாவட்டத்தில் விளைந்த கொட்டையை அரைத்து இயந்திரத்தில் பிழிந்தெடுப்பது. இதன் விலை முன்னதைப்போல் மும்மடங்கு. மடிக்கணினியுடன் வரும் அமெரிக்க இளைஞர் இரண்டாவதை அருந்துகிறார்கள். அக்கொட்டை விளைந்த நாட்டின் முதியோர் முதலாவதை அருந்துகிறார்கள்.

இதற்குக் காரணம் சிக்கனம் மட்டுமன்று. 1871 இல் ஆட்சியைக் கைப்பற்றிய கட்சியினர் காப்பியைக் கொண்டே நாட்டை உயர்த்த எண்ணினார்கள். 1873 முதல் 1885 வரை அதிபராக இருந்த ஹூஸ்தோ ரூஃபினோ பாரியோஸ் காலத்தில் ஊர்ப் பொதுநிலங்கள் பல தோட்டங்களாயின. ஜெர்மானியர் பலர் வந்து தோட்டம் போட்டனர். 1877 ஆம் ஆண்டுச் சட்டம் மாயா குடிகளைத் தோட்ட வேலைக்குக் கட்டிப் போட்டது. முன்பணம் கொடுக்கும் தரகன் ஊருக்குள் வருவான், வாங்கியவன் கடன் தீரும்வரை தோட்டத்தை விட்டு நீங்க முடியாது, கடனோ தீராது. 1934 இல் அக்கடன் முறையை ஒழித்தார்கள். அதன் இடத்தில் வந்த சட்டம், போதிய நிலமில்லாதவன் ஆண்டுக்கு 100 அல்லது 150 நாள் வேலை செய்ததற்குச் சான்று காட்டவேண்டும் என்றது. 1945 இல்தான் அதுவும் நீங்கியது. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறிய குடும்பங்களின் வழிவந்தோர் நம்முள்ளும் உண்டு. அவர்களுக்கு இக்கதை புதிதாக இராது. விளைந்த காப்பியில் உயர்ந்தது கப்பலேறும். கழித்தது உள்ளூருக்கு. அதற்கும் வழியற்ற வீடுகளில் சோள அடையைக் கருகச் சுட்டு, வெந்நீரில் ஊறவைத்து, அதையே காப்பி என்று அருந்தினார்கள்.

அப்படி அருந்தி வளர்ந்த பெரியவர் ஒருவர் நாள்தோறும் சாளரத்தருகே அமர்வார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். சிறுவனாய் இருந்தபோது பெற்றோருடன் மலையிலிருந்து இறங்கித் தென்கடற்கரைத் தோட்டங்களில் காப்பிப் பழம் பறித்தவர். ஒருநாள் கல்லாவிலிருந்த பெண், விலை உயர்ந்த காப்பியை ஒரு சிறு குவளையில் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள். வேவேதெனாங்கோ என்று கேட்டதும் நிமிர்ந்தார். அது அவர் பிறந்த மாவட்டம். ஒரு வாய் அருந்திவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். நான் ஏதோ உருக்கமான சொல்லை எதிர்பார்த்தேன். அவர் குவளையை நீட்டி, "இதில் வெந்நீர் ஊற்று, மகளே, சருக்கரையும் போடு" என்றார். குவளையின் அடி தெரியும்வரை ஊற்றச் சொல்லி, சம்புராதாவைத் தோய்த்து உண்டார்.

ஏலக்காயைப் பற்றியும் ஒரு செய்தி. என் சட்டைப் பையில் இருந்த நாலைந்து காய்களை ஒருநாள் அம்மையாரிடம் காட்டினேன். முகர்ந்தவுடனே அடையாளம் கண்டார். அவர் பிறந்தது கோபான் நகரைச் சார்ந்த மலைப்பகுதி. தந்தை ஏலக்காய் பறித்தவராம். நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் செடி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொண்டுசெல்லப்பட்டு, இன்று அந்நாட்டை உலகின் முதன்மையான ஏலக்காய் ஏற்றுமதி நாடாக்கியிருக்கிறது. அங்கே விளைச்சல் பெருகினால் போடிநாயக்கனூரில் விலை இறங்கும். "எல்லாம் அரபு நாடுகளுக்குப் போய்விடும், நாங்கள் வாயில் வைத்தறியோம்" என்றார். இரண்டு காய்களைக் கொடுத்து, காப்பியில் தட்டிப்போடச் சொன்னேன். மறுநாள் ஆவலோடு கேட்டேன். "ஃபீஹெசே..." என்று தொடங்கினார். சோப்பு மணந்ததாம்.

ஜூன் மாதம் 6 ஆம் நாள் நகரில் கூட்டாட்சிக் குடிவரவுக் காவலரின் பெருந்தேடல் தொடங்கியது. உரிய தாள்கள் இல்லாதவர்களை வேலைத்தலங்களிலும் கடை வாயில்களிலும் பிடித்தார்கள். எங்கள் கடையில் மறுவாரமே மாற்றம் தெரிந்தது. விடியற்காலைக் கூட்டம் பாதியாயிற்று. பிறகு அதிலும் பாதி. ஜூலை 7 ஆம் நாள் காலையில் மக்கார்தர் பூங்காவுக்குள் குதிரைகள் மீதும் இராணுவ வண்டிகளிலும் படையினர் வந்தனர். அங்கே கோடை முகாமில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளை அவசரமாக உள்ளே அழைத்துச் சென்றார்கள். நகரத் தலைவியான கேரன் பாஸ் அங்கேயே வந்து கண்டித்துப் பேசினார். அன்று கடையில் நானும் அம்மையாரும் அவர் மகளும் சமையற்கட்டுப் பையனுமே இருந்தோம். கதவைப் பூட்டியிருந்தோம். தட்டுகளும் இடுக்கிகளும் தொடுவாரின்றிக் கிடந்தன. தொலைக்காட்சியை யாரோ அணைத்திருந்தார்கள். அந்த முழக்கத்தைக் குறை கூறி வந்த எனக்கே அமைதி பொறுக்கவில்லை.

அடுத்த நாள் எத்தனை ரொட்டி சுடுவது என்று தாய்க்கும் மகளுக்கும் வாக்குவாதம். மாவின் விலையும் வாடகையும் மகள் சொன்னாள். அவள் சொன்னது கணக்குப்படி சரி. "வராதவர்களுக்கும் பசிக்கும்" என்று தாய் சொன்னார். வழக்கமான அளவே சுட்டார்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற வாடிக்கையாளர்கள் சிலர் பிறருக்காக வாங்கத் தலைப்பட்டனர். இங்கே பிறந்த பிள்ளைகள், வெளிவர அஞ்சிய பெற்றோரின் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று குடும்பத்துப் பட்டியலை மனப்பாடமாக ஒப்பித்தாள். தோய்க்கும் நேரம் பற்றிச் சண்டையிட்ட தம்பதியர் தம் வண்டியில் பைகளை ஏற்றி வீடுவீடாகக் கொண்டுசென்றார்கள். பணம் அன்றே வந்தவர் சிலர். வராதவர் பெயரை அம்மையார் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். அந்தச் சாளரத்தோரப் பெரியவர் வருவதை நிறுத்திவிட்டார். அவரிடம் என்ன தாள் இருந்தது, என்ன இல்லை என்று நான் கேட்கவில்லை. அத்தகைய கேள்வியை அங்கே எவரும் எவரிடமும் கேட்பதில்லை.

பக்கத்திலிருந்த பணம் அனுப்பும் நிலையத்திலும் வரிசை குறைந்தது. 2024 இல் வெளிநாடுகளிலிருந்து குவாத்தமாலாவுக்குச் சென்ற பணம் 2,100 கோடி டாலருக்கு மேல். இத்தெருவில் ஒருவன் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தால் அங்கே மலையில் ஓர் அடுப்பு தணியும்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் நான் தாயகம் புறப்பட்டபோது கடை ஐந்துக்குப் பதிலாக ஆறரை மணிக்குத் திறந்துகொண்டிருந்தது. கதவு பூட்டியே இருக்கும். முகம் பார்த்துத் திறப்பார்கள். கடைசிச் சனிக்கிழமை மாலை விடைபெறச் சென்றேன். சிவப்பு விளக்கை வாயிலிலிருந்து எடுத்துச் சாளரத்துக்குள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். ஏழு மணிக்குள் தமால் தீர்ந்துவிட்டது. பின்னர் வந்த ஒருவரிடம் அம்மையார் "ஃபீஹெசே" என்றார். ஆனால் கல்லாவுக்கடியில் வாழையிலைப் பொதி இரண்டு தனியே இருந்ததை நான் பார்த்தேன். எட்டு மணி சுமாருக்கு ஒரு பையன் கண்ணாடியைத் தட்டினான். பெரியவரின் பேரன். பொதிகளோடு ஒரு மூடிய குவளையில் நீர்த்த காப்பியும் கொடுத்தனுப்பினாள் அந்தப் பெண். சருக்கரை போட்டாயிற்றா என்று அவன் இருமுறை கேட்டுக்கொண்டான்.