கோடிக்குழகரிடம் கேட்ட கேள்வி

காவிரித் தென்கரையில் பாடல் பெற்ற தலங்கள் 127. அவற்றுள் நிறைவாக வைத்து எண்ணப்படுவது கோடியக்கரை. வேதாரண்யத்துக்குத் தெற்கே சுமார் 11 கி.மீ. தொலைவில், நிலம் முடிந்து கடல் தொடங்கும் முனையில் கோடிக்குழகர் எழுந்தருளியிருக்கிறார். குழகர் என்பதற்கு இளமையும் அழகும் உடையவர் என்பது பொருள். அருகிலேயே வெளிமான்கள் மேயும் காடு. 1967ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

திருத்துறைப்பூண்டியை அடுத்த சிற்றூரில் தனியே வாழும் எழுபத்தெட்டு வயது அன்னை ஒருவரும், சென்னையில் பணிபுரியும் அவருடைய மகனும் இரண்டு நாள் பயணமாக இப்பகுதிக்கு வந்தனர். தந்தையார் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அன்னையைத் தம்முடன் அழைத்துச் சென்றுவிட வேண்டும் என்பது மகனின் எண்ணம். அன்னைக்கும் அது தெரியாமல் இல்லை.

முதல் நாள் வேதாரண்யத்தில் தரிசனம். மறைகள் பூசித்து அடைத்த திருக்கதவை அப்பர் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் யாவரும் அறிந்த வரலாறு. அன்னை நினைவுகூர்ந்ததோ அதன் பின் நடந்ததை. மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்றுச் சம்பந்தர் மதுரைக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை நன்றாக இல்லை என்று அப்பர் தடுத்தார். "அப்பரே" என்று தாம் அழைத்த பெரியவரின் கவலையைப் பிள்ளையார் அலட்சியம் செய்யவில்லை. கோளறு பதிகம் பாடித் தேற்றிய பிறகே புறப்பட்டார். பெரியவர் சோழநாட்டில் தங்கினார்.

"உன்னைச் சென்னைக்கு இரயில் ஏற்றிவிட்ட அன்று இந்த வரலாற்றைத்தான் நினைத்துக்கொண்டேன்" என்றார் அன்னை.

மறுநாள் காலை கோடியக்கரை. சேரமான் பெருமாளுடன் இங்கு வந்த சுந்தரர், கடற்காற்று ஓயாமல் மோதும் இக்கரையில் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு உள்ளம் உருகினார். யாரைத் துணையாகக் கொண்டு இங்கே இருக்கிறாய் என்று தம்பிரான் தோழருக்குரிய உரிமையோடு கேட்டார். அப்பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது.

சந்நிதியிலிருந்து வெளியே வந்து அமர்ந்ததும் மகன் மெல்லச் சொன்னார்: "சுந்தரர் கேட்டதையே நானும் கேட்கிறேன், அம்மா. எதற்காகத் தனியாக இருக்க வேண்டும்?"

அன்னை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சுந்தரர் கேட்டாரே தவிர, இடத்தை விட்டு எழுந்து வரச் சொல்லவில்லையே, தம்பி. அம்பிகை பாகத்தில் இருக்கிறாள், கங்கை இருக்கிறாள், காடுகாள் உடன் இருக்கிறாள் என்று துணையையும் அந்தப் பதிகத்திலேயே காட்டிவிட்டார். எனக்கும் மாலையில் விளக்கேற்ற ஒரு கோயில் இருக்கிறது. வாசலில் நின்று குரல் கொடுக்க அண்டை வீட்டார் இருக்கிறார்கள். இரவில் கால் வலி எடுக்கும்போது மட்டும் பயமாகத்தான் இருக்கிறது. அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை" என்றார்.

மகனுக்குக் கண் கலங்கியது. வீட்டைப் பூட்டும் பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. இரவுத் துணைக்கு உறவுக்காரப் பெண் ஒருவரை அமர்த்துவது, மாதந்தோறும் தாம் வந்து இரண்டு நாள் தங்குவது என்று அங்கேயே முடிவாயிற்று. தனியாக நடமாட இயலாத நாள் வந்தால் மறுப்பின்றி உடன் வருவதாக அன்னையும் வாக்குக் கொடுத்தார்.

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும், மறைந்த முன்னோர்க்காக இக்கடலில் நீராட மக்கள் திரளாக வருகின்றனர். அது நம் மரபின் கடமை. உடனிருக்கும் பெற்றோரை அருகில் அமர்த்தி, "எப்படி இருக்கிறீர்கள், எது குறை?" என்று கேட்பது அதற்கு முந்திய கடமை. பிள்ளைகள் அவ்வாறு கேட்கும்போது, "எனக்கு ஒரு குறையும் இல்லை" என்று மறைத்துவிடாமல், உள்ளதை உள்ளபடி சொல்வது பெரியோர் செய்யத்தக்கது. தனித்திருந்த குழகரையே துணை யார் என்று கேட்ட அன்பு, நம் இல்லங்களிலும் நிலைபெறட்டும்.